அம்மாவுக்குப் பட்டு, எனக்கு டீசர்ட்டு: ஸ்டேடியம் வாசல்ல நிக்கிற அக்கா பதில் சொல்றேன்

கேள்வி:

அக்கா, நான் பட்டர்வொர்த், வயசு 26. அடுத்த மாசம் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல நடக்கிற தமிழ்ப் பாட்டுக் கச்சேரிக்கு நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் டிக்கெட் எடுத்திருக்கோம், கூட எங்கம்மாவும் வர்றாங்க. நாங்க அஞ்சு பேரும் மியூசிக் டைரக்டர் முகம் போட்ட கறுப்பு டீசர்ட் அடிக்கக் குடுத்துட்டோம், தலையில லைட் எரியிற கொம்பு பேண்டும் ஆர்டர் பண்ணியாச்சு. இப்ப அதுல ஒருத்தி, யாரு கச்சேரிக்குப் போறோமோ அவங்க முகத்தையே போட்டுட்டுப் போறது படு லோக்கல், வெள்ளைக்காரன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்றா. எங்கம்மா கல்யாணப் பட்டு கட்டி, கொண்டை போட்டு, மல்லிப்பூ வச்சுதான் வருவேன்னு நிக்கிறாங்க. அண்ணி என்னடான்னா கையில்லாத சட்டை போட்டா கேட்லயே நிறுத்திடுவாங்கன்னு பயமுறுத்துறாங்க. இதுல என் பாஸ் வேற கேஎல்சிசி ஃபில்ஹார்மோனிக் ஹால் டிக்கெட் ஒண்ணு குடுத்திருக்காரு, அங்க ஜீன்ஸ் போடலாமா? எங்க எதைப் போட்டா மரியாதைன்னு சொல்லுங்கக்கா. அம்மாகிட்ட சேலை வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னும் சொல்லுங்க.

பதில்:

தங்கச்சி, நான் கோலாலம்பூர்ல 16 வருஷமா கச்சேரி வாசல்லயும் உள்ள நடைபாதையிலயும் நின்னு ஆளுங்களை உட்கார வைக்கிற வேலை பார்க்கிறவ. மேடையில யாரு பாடினாலும் என் முதுகுதான் மேடைப் பக்கம் இருக்கும், கண்ணு பூரா கூட்டத்து மேல. பாடகர் அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஆனா எந்த வரிசையில யாரு என்ன போட்டு வந்து பக்கத்து ஆளுக்கு என்ன தொல்லை ஆச்சுன்னு கேளு, விடிய விடிய சொல்லுவேன். அதனால எனக்கு உடுப்பு விஷயத்துல ஒரே ஒரு கணக்குதான், நீ போட்டிருக்கிறது உன் சீட்டுக்குள்ள அடங்குதா, இல்ல பக்கத்து சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் போகுதா. அழகு, ஸ்டைல், லோக்கல், அடக்கம், ஆடம்பரம் எல்லாம் வீட்டுல கண்ணாடி முன்னாடி பேசிக்க வேண்டியது, எங்க டிபார்ட்மென்ட் கிடையாது.

அண்ணி பயத்தை முதல்ல முடிச்சு வைக்கிறேன். இந்தப் பயம் எங்கருந்து வருதுன்னு எனக்குப் புரியுது. வெளிநாட்டு ஆளுங்க இங்க வந்து பாடணும்னா வெளிநாட்டுக் கலைஞருங்களுக்கு அனுமதி குடுக்கிற அரசாங்கக் குழு புஸ்பால்கிட்ட பெர்மிட் எடுக்கணும், மேடையில நிக்கிற பெண் பாடகிங்க தோள்லருந்து முட்டி வரைக்கும் மூடியிருக்கணும்னு ரூல் போட்டாங்க, அது அப்பப்ப பேப்பர்ல பெரிசா வரும். 2007ல அமெரிக்கப் பாடகி க்வென் ஸ்டெஃபானி இதே புக்கிட் ஜாலில்ல உள் அரங்கத்துல பாடினப்ப எதிர்ப்பு கிளம்பி, கை கால் எல்லாம் மூடின மாதிரி உடுப்புப் போட்டுப் பாடினாங்க. அதே வருஷம் இன்னொரு அமெரிக்கப் பாடகி பியோன்சே கச்சேரி இங்க நடக்காம ஜகார்த்தாவுக்குப் போயிடுச்சு. அப்புறம் 2015ல அரசாங்க கவுன்டர்ல பாவாடை குட்டையா இருக்குன்னு ஒரு பொம்பளைக்கு இடுப்புல சுத்திக்க சாரோங் எடுத்துக் குடுத்த கதையும் ஊர் பூரா சுத்துச்சு. அண்ணி இது எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டிட்டாங்க. மேடை ரூல் மேடையில நிக்கிறவங்களுக்கு, கவுன்டர் ரூல் கவுன்டருக்கு. காசு குடுத்து டிக்கெட் வாங்கி ஸ்டேடியத்துக்கு வர்ற உன் கையில்லாத சட்டையை நான் இத்தனை வருஷத்துல நிறுத்தினது கிடையாது, நிறுத்தச் சொல்லி எனக்கு யாரும் சொன்னதும் கிடையாது. கேட்ல நாங்க தேடறது குடை, பாட்டில், செல்ஃபி குச்சி, பெரிய பை, ஆணி வச்ச பெல்ட்டு, கனமான சங்கிலி, இப்படித்தான். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஏற்பாட்டாளருங்க ஒரு லிஸ்ட் போடுவாங்க, டிக்கெட் வந்த ஈமெயில்லயே கீழ இருக்கும், யாரும் படிக்கிறது இல்ல, நீ படி. சட்டைக்கு மேல போட்டுக்க ஒரு கார்டிகன் கண்டிப்பா எடுத்துக்க, அது மரியாதைக்காக இல்ல, பட்டர்வொர்த்துலருந்து ஈடிஎஸ் ரயில்ல நாலு மணி நேரம் உட்கார்ந்து வரணும்ல, அந்த ஏர்கோன்ல பல்லு தந்தியடிக்கும்.

சரி டீசர்ட்டுக்கு வருவோம். உன் ஃப்ரெண்ட் சொன்னதை அவ சும்மா இட்டுக்கட்டல, அப்படி ஒரு பழக்கம் நிஜமாவே இருக்கு. ராக், பங்க், மெட்டல்னு சின்னச் சின்ன கிளப்புல கச்சேரி கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு அது பாதி சட்டம் மாதிரி. நீ அங்க வந்து நிக்கிறதே அந்த பேண்டு பிடிக்கும்னு சொல்லியாச்சே, அதை நெஞ்சுல வேற எழுதி ஒட்டணுமாங்கறது அவங்க கேள்வி. அதனால வேற ஒரு பேண்டோட டீசர்ட் போட்டுப் போவாங்க, அதுவும் பழசா, சாயம் போய், முதுகுல எந்த எந்த ஊர்ல எந்த வருஷம் வாசிச்சாங்கன்னு தேதி அடிச்சதா இருந்தா கூட்டத்துல தனி மரியாதை. மெட்டல் பையனுக்கு அந்தச் சட்டை ஐசி கார்டு மாதிரி, பார்த்ததும் ஆளைப் படிச்சிடுவாங்க. இன்னும் ஒண்ணு சொல்லணும், நம்ம ஊர்ல அந்தப் பசங்களுக்கு அந்தச் சட்டை சும்மா கிடைச்சது இல்ல. 2000த்தோட ஆரம்பத்துல பிளாக் மெட்டல் பாட்டு கேட்கிறவங்க சாத்தானைக் கும்பிடறாங்கன்னு பயம் கிளம்பினப்ப கறுப்பு டீசர்ட்டும் நீள முடியும் வச்சிருந்தாலே சந்தேகமா பார்த்தாங்க, போலீஸ் பிடிச்சு விசாரிச்ச கதையெல்லாம் இருக்கு. இன்னிக்கும் அந்தக் காலத்து அண்ணனுங்க சின்ன கச்சேரிக்கு வர்றப்ப பையில டீசர்ட்டை மடிச்சு வச்சிட்டு வந்து டாய்லெட்டுல மாத்திக்கிறதைப் பார்த்திருக்கேன்.

ஆனா அது அந்தக் கூட்டத்துப் பழக்கம். பெரிய ஸ்டேடியம் பாப் கச்சேரியில கதையே தலைகீழ். 2023 மார்ச் 4ஆம் தேதி இதே புக்கிட் ஜாலில்ல பிளாக்பிங்க்னு கொரியப் பெண் குரூப் வந்தப்ப கறுப்பும் பிங்க்குமா ஸ்டேஷன்லருந்து வாசல் வரைக்கும் ஒரே ஆறு மாதிரி ஓடுச்சு. அதே வருஷம் பியோன்சேவே தன் ரசிகருங்களைப் பார்த்து ஆகஸ்ட் 23லருந்து செப்டம்பர் 22 வரைக்கும் நடக்கிற கச்சேரிக்கு எல்லாரும் வெள்ளி நிறத்துல வாங்கன்னு கேட்டாங்க, அமெரிக்காவுல அப்படியே வந்தாங்க. 2024 மார்ச்சுல டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூர்ல ஆறு ராத்திரி பாடினப்ப இங்கருந்து எத்தனை பிள்ளைங்க பஸ் ஏறிப் போச்சுன்னு உனக்கே தெரியும், கை நிறைய மணி கோர்த்த காப்புப் போட்டுப் போய் முன்னப்பின்ன தெரியாத பிள்ளைங்க கூட மாத்திக்கிட்டு வந்தாங்க, அந்தப் பழக்கமே அவங்க பாட்டுல வர்ற ஒரு வரியிலருந்து கிளம்பினது. ஆக வெள்ளைக்காரன் எவனும் செய்ய மாட்டாங்கறது உன் ஃப்ரெண்டு பாதிதான் கேட்டுட்டு வந்த விஷயம். நம்ம ஆளுங்களுக்கு முகம் போட்ட டீசர்ட் எங்கருந்து வந்துச்சு, சினிமா முதல் நாள் முதல் காட்சியிலருந்து வந்துச்சு, கட்அவுட்டுக்குப் பால் ஊத்தின வம்சம்லா நாம, மூஞ்சி போட்ட சட்டைக்கா கூச்சப்படப் போறோம். தாராளமா போடு.

டீசர்ட்டுல நான் பார்க்கிற சங்கடம் வேற மாதிரி. ஒண்ணு, மியூசிக் டைரக்டர் கச்சேரிக்கு ஏதோ ஒரு ஹீரோ முகத்தைப் போட்டு வந்து, பாட்டுக்குப் பாட்டு அவர் பேரைக் கத்துறது. இன்னொரு ஹீரோ கேங் ரெண்டு வரிசை தள்ளி இருக்கும், அப்புறம் பாட்டு யாருக்குக் கேட்கும். கொரியாக்காரங்க இதுல இன்னும் மோசம், எந்தக் குரூப்புக்கு எந்த நிறம்னு வச்சிருக்காங்க, 2008ல ஒரு கச்சேரியில ஒரு பெண் குரூப் பாட ஆரம்பிச்சதும் மத்த குரூப்போட ரசிகருங்க கையில இருந்த லைட்டையெல்லாம் அணைச்சு ஸ்டேடியத்தையே இருட்டாக்கினாங்க, இன்னிக்கும் அதைப் பேசறாங்க. இன்னொண்ணு நம்ம ஊருக்கே உரியது, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறப்ப கேங்கா அடிச்ச டீசர்ட், முதுகுல வேலும் மயிலும் முருகன் முகமுமா இருக்கும், நல்ல துணின்னு அதையே கச்சேரிக்கும் மாட்டிட்டு வந்துடுவாங்க. மேல் வரிசையில உட்கார்ந்திருக்கிற ஆளோட சப்பாத்து முன் சீட்டு முதுகுலதான் படும், அது யார் முதுகு, எந்தச் சாமி முகம்னு அவனுக்குத் தெரியவா போகுது. ஒரு தடவை ஒரு பெரியவர் இதைப் பார்த்துட்டு எழுந்து நின்னு கத்தி, ரெண்டு பேரையும் பிரிச்சு உட்கார வைக்க எனக்கு மூணு பாட்டு போயிடுச்சு. உங்க டீசர்ட்டு கறுப்புன்னு சொன்னியே, அதுக்கு ஒரு வேலை இருக்கு, வந்ததும் தண்ணியில ஊறப் போட்டு ரெண்டு தடவை துவைச்சிடு. புதுக் கறுப்பு மழையில நனைஞ்சா சாயம் விடும், பக்கத்துல நிக்கிறது அம்மா பட்டுச்சேலை, அப்புறம் அந்தப் பேச்சு உன் கல்யாணம் வரைக்கும் ஓடும்.

இப்ப அந்தக் கொம்பு பேண்டு. இதுலதான் எனக்கு உன் மேல கோபம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கச்சேரி, மேல் மாடி சீட்டு. ஒரு பாட்டியம்மா, எழுபது வயசுக்கு மேல, பேரன் கூட்டிட்டு வந்திருக்கான். முன் வரிசையில ஒரு பிள்ளை தலையில சிவப்பு லைட் எரியிற கொம்பு. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, சீட்டை விட்டு எழுந்திரிக்கவே இல்ல, பாட்டுக்குத் தலையை மட்டும் ஆட்டிட்டு உட்கார்ந்திருக்கு. பாட்டி என்ன செய்யறாங்க, அது இடப் பக்கம் ஆட்டினா இவங்க வலப் பக்கம் சாய்றாங்க, அது வலப் பக்கம் வந்தா இவங்க இடப் பக்கம், பாட்டுக்கு ஆடறாங்கன்னு நினைச்சுத்தான் நான் கூட முதல்ல சிரிச்சேன். அப்புறம் மெதுவான பாட்டு ஒண்ணு வந்து லைட்டெல்லாம் அணைஞ்சப்ப பார்த்தா பாட்டி ஒரு கையைக் கண்ணுக்கு மறைப்பா வச்சிட்டு இருக்காங்க, அந்தச் சிவப்பு லைட் நேரா மூஞ்சியில மினுக்கு மினுக்குன்னு அடிக்குது. நான் குனிஞ்சு போய் டார்ச்சைக் கீழ காட்டி அந்தப் பிள்ளைகிட்ட சொன்னேன். உடனே கழட்டிட்டு, திரும்பி, சோரி பாட்டி, எனக்குத் தெரியலைன்னுச்சு. அதுக்கு எப்படித் தெரியும், தன் தலைக்குப் பின்னாடி யாருக்குத்தான் கண்ணு இருக்கு. பாட்டி பாவம் பரவால்ல கண்ணுன்னாங்க. அவங்க பேரன் அந்த ஒரு ராத்திரிக்கு எத்தனை வெள்ளி குடுத்தானோ, அதுல பாதிக் கச்சேரி அந்தக் கொம்புக்கு நடுவுலதான் போச்சு.

அதனால தலைக்கு மேல ஒண்ணும் வேணாம், தொப்பி, கொம்பு, கிரீடம், பூனைக் காது எதுவும் வேணாம். வெளியில நின்னு போட்டோ எடுக்கிற வரைக்கும் போட்டுக்க, சீட்டுக்கு வந்ததும் கழுத்துல இறக்கி விட்டுடு. கையில லைட் பிடிக்கிறதா இருந்தா நெஞ்சு உயரத்துல பிடி, கே-பாப்னு கொரியப் பாட்டு கேட்கிற பிள்ளைங்க இதுல ரொம்ப ஒழுங்கு, லைட் குச்சியைத் தலைக்கு மேல தூக்கினா அவங்களுக்குள்ளயே திட்டு விழும். 2023 நவம்பர்ல கோல்ட்ப்ளேன்னு இங்கிலாந்து பேண்டு வந்தப்ப எல்லாருக்கும் மணிக்கட்டுல கட்டிக்க ஒரு லைட் பட்டை குடுத்தாங்க, அது எப்ப எரியணும், எப்ப அணையணும்னு எல்லாம் அவங்க கையில, நீ அழுத்தி ஒண்ணும் ஆகாது. அத்தனை பேர் கையும் ஒரே நேரத்துல நிறம் மாறும். லைட்டுன்னா அப்படி இருக்கணும்லா, தனியா ஒருத்தி தலையில மட்டும் ஆம்புலன்ஸ் மாதிரி சுத்திட்டு இருந்தா நல்லாவா இருக்கு.

ஜிகினா, இறகு மாலை இதெல்லாம் இங்கிலாந்துப் பாடகர் ஹேரி ஸ்டைல்ஸ் ரசிகருங்க ஆரம்பிச்சு வச்சு எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. எனக்கு அதைப் பத்தி பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூட்டிப் பெருக்கிற பங்ளாதேஷ் தம்பிங்ககிட்ட கேட்டா அவங்க சொல்லுவாங்க. மணி, கண்ணாடி தைச்ச ஜாக்கெட் மட்டும் நின்னு பார்க்கிற பகுதிக்கு வேணாம், பக்கத்து ஆளு கை பூரா கீறல் விழும்.

உன் டிக்கெட் எங்கன்னு நீ சொல்லல, அது முக்கியம். அந்த ஸ்டேடியத்துக்குக் கூரை இருக்குன்னு சொல்லுவாங்க, ஆனா கூரை இருக்கிறது சுத்தி உள்ள சீட்டுக்கு மேலதான், நடுத் திடல் வானம் பார்த்த பூமி. விலை கூடின டிக்கெட்டு எல்லாம் திடல்ல, அங்கதான் மழையும் முதல்ல விழும். நம்ம ஊர் சாயங்கால மழையைப் பத்தி உனக்கு நான் சொல்ல வேணாம். குடை விட மாட்டாங்க, அதனால பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஆளுக்கு ஒண்ணு, மெலிசா மடிச்சு வைக்கிற மாதிரி, மிஸ்டர் டிஐஒய் கடையில நாலஞ்சு வெள்ளிக்குக் கிடைக்கும். அப்புறம் திடல்ல புல்லு கெடாம இருக்க மேல பிளாஸ்டிக் பலகை போட்டு மூடியிருப்பாங்க, அதுல இணைப்பு இணைப்பா இடுக்கு இருக்கும், குதிகால் சப்பாத்து அதுல சிக்கினா சப்பாத்து அங்கயும் கால் இங்கயும் போகும். ஒரு பொண்ணு அப்படி விழுந்து, பின்னாடி வந்த ரெண்டு பேரும் அவ மேலயே விழுந்ததை நான் தூக்கி விட்டிருக்கேன். குதிகாலால மிதிபட்டவன் கால் கட்டைவிரலையும் பார்த்திருக்கேன், அதைச் சொன்னா நீ சாப்பிட மாட்ட. கேன்வாஸ் சப்பாத்து போதும். சிலிப்பர் வேணவே வேணாம், கச்சேரி முடிஞ்சு நாங்க பெருக்கிறப்ப ஒத்தைச் சிலிப்பர் மட்டும் ஒரு மூட்டை தேறும்.

இனி அம்மா.

உன் லெட்டரை நான் மறுபடி படிச்சேன். டீசர்ட்டுக்கு மரியாதை என்னன்னு கேட்ட, ஜீன்ஸுக்குக் கேட்ட, அம்மா சேலைக்கு மட்டும் வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்ட. அப்ப சேலை மரியாதையா இல்லையான்னு உனக்குச் சந்தேகமே இல்ல, உன் ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல அம்மா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருப்பாங்களேன்னு உனக்குக் கூச்சம், அவ்வளவுதானே. வயசு அப்படி, நானும் என் அம்மாவை இதே மாதிரி ஒரு தடவை மாத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போனவதான், அவங்க ஒண்ணும் சொல்லாம மாத்திட்டு வந்தாங்க, அது இன்னிக்கும் எனக்கு உறுத்தும். அதனால கூச்சத்துக்காகச் சேலையை மாத்தச் சொல்ல நான் வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டேன்.

அம்மா பக்கத்துலருந்து பாரு. அவங்களுக்குக் கச்சேரின்னா சபை. பிரிக்ஃபீல்ட்ஸ்ல டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்ல ஒரு பரதநாட்டியமோ பாட்டோ நடந்தா பட்டு கட்டி வர்றவங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க, அங்க உன் டீசர்ட்டைத்தான் பார்ப்பாங்க. பழைய பாட்டுக் கச்சேரிகள்ல நான் அடிக்கடி பார்க்கிற ஆளுங்க இருக்காங்க, எஸ்டேட்டுல வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமாங்க, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல பேனா, தலையில எண்ணெய் வச்சு வகிடு, முப்பத்திரண்டு டிகிரி வெயில்ல வரிசையில நின்னாலும் முழுக்கைச் சட்டை பட்டனைக் கழட்ட மாட்டாங்க. யாரைப் பார்க்க வந்திருக்கோம்னு அவங்க மனசுல இருக்கு, அதுக்கு ஏத்த உடுப்பு அது. உங்கம்மா பட்டும் அந்த வகைதான். நீ முகத்தை நெஞ்சுல அடிச்சுப் போடற, அவங்க பட்டு கட்டறாங்க.

ஆனா சேலையை வச்சு ஸ்டேடியத்துல ஒரு ராத்திரி ஓட்டறது லேசு இல்ல, அதை நான் அம்மாவுக்கே சொல்ற மாதிரி எழுதறேன், நீ போனை அவங்க கையில குடு. அக்கா, கல்யாணப் பட்டு ஜரிகையோட சேர்ந்து நல்ல கனம், அதைக் கட்டிட்டு செங்குத்தான படி ஏறணும், ஏறிட்டு டாய்லெட்டுக்குத் திரும்ப இறங்கணும். டாய்லெட்டுல பொம்பளைங்க வரிசை அரை மணி நேரம் நிக்கும், உள்ள தரை பூரா தண்ணி, கொசுவத்தை ஒரு கையில சுருட்டிப் பிடிச்சு, பையை வாயில கடிச்சிட்டு நிக்கிற அக்காங்களை நான் ஒவ்வொரு கச்சேரியிலயும் பார்க்கிறேன். மழை விழுந்தா பட்டு போச்சு. அதனால சாஃப்ட் சில்க் ஒண்ணு எடுங்க, இல்ல நல்ல பார்டர் வச்ச காட்டன் சேலை, கணுக்காலுக்கு ஒரு விரக்கடை மேல தூக்கிக் கட்டுங்க, உள்பாவாடை காட்டன்ல இருக்கட்டும், இப்ப வர்ற இறுக்கமான மீன் வால் மாதிரி பாவாடை படி ஏற விடாது. முந்தானையை மடிச்சு தோள்ல ஊக்கு குத்திடுங்க, விட்டா அது பக்கத்து ஆளு கால் கீழ போகும், அவர் எழுந்து குதிக்கிறப்ப நீங்க பின்னாடி இழுபடுவீங்க. கொண்டை போடுங்க, ஆனா உச்சியில வேணாம், கழுத்தோரமா தாழப் போட்டு பூவைத் தொங்க விடுங்க, உங்களுக்குப் பின்னாடியும் ஒரு பாட்டியம்மா இருக்கலாம். நகை கவரிங்கே போதும். முடிஞ்சதும் பல்லாயிரம் பேரு ஒரே நேரத்துல எல்ஆர்டி ஸ்டேஷன் பக்கம் நடப்பாங்க, அந்த நெரிசல்ல கழுத்துல கை வச்சுப் பிடிச்சிட்டே நடக்கிறது நிம்மதியா இருக்காது. தாலிக் கொடியை ரவிக்கைக்குள்ள விட்டுக்கங்க. கால்ல சப்பாத்துப் போடுங்க, சேலைக்குக் கீழ யாரும் பார்க்கப் போறது இல்ல, பார்த்தாலும் பார்க்கட்டும்.

தங்கச்சி, போனைத் திரும்ப வாங்கிக்க. பார், இதுல எங்கயாவது உன் ஃப்ரெண்ட்ஸ் பேரு வந்துச்சா? இப்படிச் சொன்னா அம்மா கேட்பாங்க, ஏன்னா எல்லாம் அவங்க கால் வலிக்கும் அவங்க சேலைக்கும் நல்லது. அப்படியும் கல்யாணப் பட்டுதான்னு நின்னாங்கன்னா விட்டுடு, அவங்க சீட்டு, அவங்க டிக்கெட்டு.

கடைசியா உன் பாஸ் டிக்கெட். அந்த ஹால் 1998ல இரட்டைக் கோபுரத்துக்குக் கீழ திறந்தது, ஸ்டேடியம் மாதிரி கிடையாது, ஆயிரம் பேருக்குள்ளதான் உட்காரலாம், மைக் இல்லாம வாத்தியத்தோட நிஜ சத்தத்தைக் கேட்க கட்டினது. ரொம்ப வருஷம் ராத்திரி கச்சேரிக்குக் கோட்டு சூட்டு, இல்ல நீளக்கை வச்ச பாத்தேக் துணிச் சட்டைன்னு கறாரா வச்சிருந்தாங்க, இப்ப கொஞ்சம் தளர்த்தியிருந்தாலும் அரைக்கால் சட்டை, சிலிப்பர், டீசர்ட்டோட போய் வாசல்ல நின்னு வாதாடாத. ஜீன்ஸும் வேணாம், பாஸ் குடுத்த டிக்கெட்டுல எதுக்கு ரிஸ்க். நல்ல சல்வார், மலாய்க்காரங்க போடற பாஜு கூரோங், சேலை, கறுப்பு காற்சட்டையோட பாத்தேக் சட்டை, எது போட்டாலும் சரி, நம்ம நாட்டுல பாரம்பரிய உடைக்கு எந்தப் பெரிய ஹால்லயும் கதவு திறக்கும். ஆக, அம்மாவோட அந்தக் கல்யாணப் பட்டை இங்க நீ கட்டிட்டுப் போகலாம், யோசிச்சுப் பாரு.

அங்க கண்ணுக்குத் தெரியறதை விட காதுக்குக் கேட்கிறதுதான் விஷயம். நான் இந்த வேலையில சேர்ந்த புதுசுல இப்படி ஒரு அமைதியான ஹால்ல டியூட்டி போட்டாங்க, யூனிஃபோர்ம் காற்சட்டைக்குள்ள கொலுசு போட்டிருந்தேன், தெரியாதுன்னு நினைச்சுட்டேன். தாமதமா வந்த ஒரு தம்பதியை உட்கார வைக்கப் போறேன், வயலின் ஒண்ணு மட்டும் நூல் மாதிரி இழையுது, நான் ஒரு அடி வைக்கிறேன், சல். இன்னொரு அடி, சல். நாலு வரிசை திரும்பிப் பார்த்துச்சு. அங்கயே நின்னுட்டேன், முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல, அந்தப் பாகம் முடியற வரைக்கும் நடுவழியில சிலை மாதிரி நின்னேன், தம்பதியும் என் பின்னாடி நின்னாங்க. அன்னிக்குக் கழட்டின கொலுசு. அதனால கொலுசு, கண்ணாடி வளையல், ஒண்ணோட ஒண்ணு உரசற காப்பு, சரசரன்னு சத்தம் போடற நைலான் ஜாக்கெட்டு, பையில வெல்க்ரோ, இதெல்லாம் வீட்டுலயே. சென்ட்டும் கொஞ்சமா அடி, ஸ்டேடியத்துல மல்லிப்பூ வாசம் காத்துல போயிடும், மூடின ஹால்ல ஒருத்தர் அத்தர் ரெண்டு மணி நேரம் பத்து பேருக்கு. ஒரு சால்வை எடுத்துக்க, குளிரும்.

ஸ்டேடியத்துக்குப் போற அன்னிக்கு கேஎல் சென்ட்ரல்ல இறங்கி மஸ்ஜிட் ஜாமெக் போய் ஸ்ரீ பெட்டாலிங் லைன் மாறணும், சேலையோட மாடிப்படி வேணாம், லிஃப்ட் எங்க இருக்குன்னு முன்னாடியே பார்த்து வச்சுக்க. முடிஞ்சா மதியமே வந்து, எங்கயாவது ரூம்லயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ பசியாறிட்டு அங்கயே உடுத்திக் கிளம்புங்க, ரயில்லயே கட்டிட்டு வந்தா கொசுவம் அப்பளமா நொறுங்கிடும். அம்மாவை ஊக்கு கூட நாலு எடுத்து வைக்கச் சொல்லு, உங்க அஞ்சு பேர்ல எவளுக்காவது கண்டிப்பா எதாவது கிழியும்.